மலைக் கொரில்லா கூடுகிறது, மற்ற மூன்றும் குறைகின்றன. ஏன்?

வீரசோழன் கரை (மயிலாடுதுறை)

வணக்கம். அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அழியும் நிலையிலுள்ள விலங்குகள் பற்றிப் பேசும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "கொஞ்சமா இருக்கறது கூடுது, நிறைய இருக்கறது குறையுது. எப்படி சார்?" நல்ல கேள்வி. இங்கே பல தொழில் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், அதனால் எல்லோர் முன்னும் வைக்கிறேன்.

கொரில்லாவில் இரண்டு சிற்றினம், அவற்றுக்குள் நான்கு துணையினம். மேற்கே தாழ்நிலக் கொரில்லாவும் கிராஸ் ரிவர் கொரில்லாவும். கிழக்கே கிராவர் கொரில்லாவும் மலைக் கொரில்லாவும். மலைக் கொரில்லா உலகத்தில் இரண்டே இடத்தில்தான் உண்டு: ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கிற விருங்கா எரிமலைத் தொடர், உகாண்டாவின் ப்விண்டி காடு. 1981 கணக்கெடுப்பில் விருங்காவில் இருந்தவை 254. அண்மைக் கணக்கெடுப்புகளில் விருங்காவில் 604, ப்விண்டியில் 459, ஆக 1,063. 2018 நவம்பரில், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலான செம்பட்டியலில் இதை "மிக அருகிய" நிலையிலிருந்து ஆபத்து ஒரு படி குறைவான "அருகிய" நிலைக்கு மாற்றினார்கள்.

மற்றவற்றைப் பாருங்கள். மேற்குத் தாழ்நிலக் கொரில்லா மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்தும், ஆண்டுக்கு 2.7 விழுக்காடு குறைந்துவந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிராவர் கொரில்லா 1990-களில் சுமார் 17,000. 2021 மதிப்பீட்டில் 6,800. நைஜீரியா, கேமரூன் எல்லையிலுள்ள கிராஸ் ரிவர் கொரில்லா 300-க்கும் குறைவு. இந்த மூன்றும் இன்னும் "மிக அருகிய" நிலையிலேயே இருக்கின்றன.

நான் சொன்ன பதில்: தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் கூடுகிறது, ஆள் இல்லாத இடத்தில் குறைகிறது. சரியா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரத்தநாடு கால்நடை

சார் சொன்னதற்கு ஆதாரமே இருக்கிறது. நான் கால்நடை மருத்துவம் படித்தவள், இதை ஆர்வமாகத் தொடர்ந்து வாசிக்கிறேன். விருங்காவில் மனிதருக்குப் பழகிய குழுக்களையும் பழகாத குழுக்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. தினமும் காவலர் போய்ப் பார்க்கிற, காயம் பட்டால் மருத்துவர் போகிற குழுக்கள் ஆண்டுக்கு 4 விழுக்காடு அளவுக்குக் கூடின. அதே மலையில் பழகாத குழுக்கள் சற்றுக் குறைந்தன.

ஏன் இவ்வளவு கவனிப்பு தேவை என்றால், இது மெதுவாகப் பெருகுகிற உயிர். பெட்டை முதல் குட்டி ஈனுவதற்குள் பத்து வயதாகிவிடும். சினைக்காலம் எட்டரை மாதம். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நான்கு ஆண்டு இடைவெளி. குட்டிகளில் கணிசமானவை மூன்று வயது தாண்டுவதில்லை. தப்பித்தவறி குழுவின் தலைவனான வெள்ளிமுதுகு ஆண் சுடப்பட்டால், வேறு ஆண் வந்து பால்குடிக் குட்டிகளைக் கொன்றுவிடுவதுண்டு. ஒரு தோட்டாவில் ஒரு தலைமுறையே போய்விடும்.

கண்ணி இன்னொரு கொடுமை. சிறு மான்களுக்காகக் கயிற்றிலும் கம்பியிலும் வைக்கிற கண்ணியில் குட்டிக் கொரில்லாவின் கையோ காலோ மாட்டி, இழுக்க இழுக்க இறுகி அழுகிவிடும். மலைக் கொரில்லாவுக்கு 1986-லிருந்து தனி மருத்துவக் குழு இருக்கிறது. மயக்க ஊசியைத் தூரத்திலிருந்து செலுத்தி, அங்கேயே கண்ணியை அறுத்து, மருந்து போட்டு, குடும்பத்தோடு விட்டுவிட்டு வருகிறார்கள். பார்க்கப் போகிறவர்களும் முகக்கவசம் போட வேண்டும், எட்டி நிற்க வேண்டும். நமக்கு வரும் சளி அதற்கு நிமோனியாவாக மாறும்.

எபோலாவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் போதாது. 2002, 2003-இல் பக்கத்து நாடான காங்கோ குடியரசின் லோசி சரணாலயப் பகுதியில் மட்டும் சுமார் 5,000 தாழ்நிலக் கொரில்லாக்கள் எபோலாவில் செத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மேய்ச்சல் மாட்டுக்கு வரும் கோமாரிக்கே ஊர் ஊராக முகாம் போட்டு ஊசி போட்டும் நாம் திணறுகிறோம். அடர்காட்டில், பழகாத கொரில்லாவுக்கு யார் போய் ஊசி போடுவது?

நீடாமங்கலம் வயக்காடு

டாக்டரம்மா, வாத்தியார் அய்யா, ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்கீங்க. நான் ஒரு விவசாயி. என் கேள்வி வேற. அந்தக் காட்டை ஒட்டி இருக்கறவன் யாரு? அவனுக்கு என்ன கிடைக்குது?

இங்க சம்பாவுக்கு நாத்து விட்டா மயில் கூட்டமா வந்து முளைய கொத்திட்டுப் போகுது. தேசியப் பறவை, தொட முடியாது. சரி, தொட வேணாம். ஆனா நஷ்டம் என்னோடது மட்டுந்தானா? பட்டணத்துல இருக்கறவங்க மயில் அழகுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கொரில்லா விஷயத்துலயும் இதைத்தான் கேக்கறேன். யாராவது நேர்ல பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

குத்தாலத்துக்காரன் (கம்பாலா)

அண்ணே, நான் சொல்றேன். உகாண்டாவில் ஹார்டுவேர் கடையில் இருக்கிறேன். ப்விண்டி காட்டுப் பக்கத்து ஊர்களான கபாலே, கிசோரோவுக்குச் சரக்கு இறக்க அடிக்கடி போவேன். அங்கே காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் வெற்றிடம் கிடையாது. காடு முடிகிற அடியிலேயே வாழை, உருளைக்கிழங்கு, தேயிலை ஆரம்பித்துவிடும். செங்குத்தான சரிவில் ஒரு சாண் நிலத்தையும் விடாமல் கொத்தியிருப்பார்கள். சிலருக்கு அரை ஏக்கர்கூட இருக்காது.

கொரில்லா வெளியே வந்தால் வாழைத்தாரைத் தேடி வருவதில்லை. மரத்தையே பிளந்து உள்ளேயிருக்கிற தண்டைத் தின்னும். நம் வீட்டில் பொரியல் செய்கிற அதே தண்டு. ஒரு குடும்பம் இறங்கிவிட்டுப் போனால் அந்தத் தோப்பு அடுத்த வருடத்துக்கும் காய்க்காது. அதை அடிக்காமல், கல் விடாமல், மெதுவாகக் காட்டுக்குள் திருப்பிவிட ஊர்க்காரர்களே சேர்ந்து குழு வைத்திருக்கிறார்கள். ஹூகோ என்று பெயர். நான் பேசியவரையில் அந்த ஆட்களுக்குக் கொரில்லா மேல் வெறுப்பு இல்லை. காட்டெருமையும் காட்டுப்பன்றியும்தான் அவர்களுக்கு அதிகத் தொல்லை. ருவாண்டா பக்கம் எருமைக்காக எரிமலைக் கல்லில் நீளமாகச் சுவரே கட்டியிருக்கிறார்கள்.

பணம் என்று கேட்டீர்கள். ஒரு மணி நேரம் கொரில்லாவைப் பார்க்க வெளிநாட்டவருக்கு ருவாண்டாவில் 1,500 டாலர். உகாண்டாவில் 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். ஒரு குடும்பத்தைப் பார்க்க நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. ருவாண்டாவில் பூங்கா வருமானத்தில் 10 விழுக்காடு சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. விலங்கு பண்ணுகிற சேதத்துக்கு இழப்பீடு தரத் தனி நிதியும் உண்டு. பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி வருகின்றன. ஆனால் நீங்கள் சொல்கிற நியாயம் அங்கேயும் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஊருக்கு வருகிறது, வாழை போனது ஒருத்தனுடையது. காட்டின் ஓரத்திலேயே குடியிருக்கிறவனுக்குப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற குறை எல்லா ஊரிலும் கேட்கிறது.

வேதாரண்யம் உப்பளம்

விவசாயிக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று பேசுகிறீர்கள். அந்தக் காட்டுக்குள்ளேயே இருந்தவர்களை ஒருவரும் சொல்லவில்லையே? ப்விண்டியும், விருங்காத் தொடரின் உகாண்டாப் பகுதியான ம்காஹிங்காவும் 1991-இல் தேசியப் பூங்கா ஆனபோது பத்வா மக்களை வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள். பட்டா இல்லை, அதனால் இழப்பீடும் இல்லை. இன்று மற்றவர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு, கூலிக்குப் போகிறார்கள். கிழக்குக் காங்கோவின் கஹூசி பியேகா பூங்காவிலும் 1970-களில் இதேதான் நடந்தது. அங்கே பத்வா மக்களின் உரிமை மீறப்பட்டது என்று ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் கொடுத்த தீர்ப்பு 2024-இல்தான் வெளியே வந்தது.

கொரில்லாவைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் வெற்றிக் கணக்கு எழுதும்போது இவர்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். சார், உங்கள் மாணவிக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.

வீரசோழன் கரை (மயிலாடுதுறை)

நிச்சயம் சொல்கிறேன் அம்மா.

பட்டுக்கோட்டை செல்போன்

செல்போன் கடை வச்சிருக்கேன். கோல்டான்னு ஒரு தாது, அதுக்காகத்தான் கொரில்லா சாவுது, போன் வாங்காதீங்கன்னு வாட்ஸ்அப்ல வருது. போர்டுல பாசிட்டிவ் பக்கம் கோடு போட்ட சின்ன கெபாசிட்டர் இருக்கும், அதுல இருக்கற டான்டலங்கற உலோகம் இதுலேர்ந்துதான் வருதாம். உண்மையா? அப்படின்னா என்னை மாதிரி ஆளுங்க என்ன செய்யணும்?

இன்னொன்னு. மைசூர் ஜூவுல கொரில்லா பாத்திருக்கேன். ஜூவுல குட்டி போட வச்சு காட்டுல விட்டா ஆகாதா?

வீரசோழன் கரை (மயிலாடுதுறை)

தம்பி, கோல்டான் உண்மைதான். ஆனால் நடப்பது எப்படி என்று பார்த்தால்தான் என்ன செய்யலாம் என்று தெரியும். கிராவர் கொரில்லா வாழும் கிழக்குக் காங்கோ காடுகளில் பெரிய இயந்திரச் சுரங்கம் குறைவு. மண்வெட்டியோடு ஆட்கள் நடந்து போய்க் காட்டுக்குள் முகாம் போடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டு டான்டலம் விலை ஏறியபோது ஆயிரக்கணக்கானோர் அப்படி உள்ளே போனார்கள். அங்கே கடை கிடையாது. சோற்றுக்குத் துணை காட்டு இறைச்சிதான். கூட்டமாக, தரையில், பகலில் நடமாடுகிற பெரிய உருவம் கொரில்லா. துப்பாக்கிக்காரனுக்கு அதைவிட எளிதான இலக்கு இல்லை. அந்த முகாம்களில் பலவற்றை ஆயுதக் குழுக்கள் வரி வாங்கி நடத்துகின்றன. அதனால் காவலரும் உள்ளே போக முடிவதில்லை.

2010-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. டான்டலம், வெள்ளீயம், டங்ஸ்டன், தங்கம் நான்கும் காங்கோ, சுற்று நாடுகளின் போர்ப்பகுதியிலிருந்து வருகின்றனவா என்று நிறுவனங்கள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதனால் கொஞ்சம் மாற்றம் வந்தது. வேறு பிழைப்பில்லாத சுரங்கக் கூலிகள் சிலர் வருமானம் இழந்ததும் நடந்தது. உங்கள் கடையில் நீங்கள் செய்வது நல்ல வேலை என்றுதான் சொல்வேன். ஒரு போனைப் பழுது பார்த்து இன்னும் இரண்டு வருடம் ஓடவைப்பது, புதிதாக ஒன்று வாங்குவதைத் தள்ளிப்போடுகிறதே.

ஒரத்தநாடு கால்நடை

மைசூர் விஷயம் நான் சொல்கிறேன் தம்பி. அங்கே முன்பு போலோ என்ற ஆண் கொரில்லா தனியாக இருந்து 2014-இல் இறந்தது. இப்போது நீங்கள் பார்த்திருப்பது 2021-இல் ஜெர்மனியிலிருந்து வந்த தாபோ, டெம்பா. இரண்டும் ஆண், இரண்டும் தாழ்நிலக் கொரில்லா. உலக உயிரியல் பூங்காக்களில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே அந்த வகைதான். மலைக் கொரில்லா எந்த உயிரியல் பூங்காவிலும் இல்லை.

காட்டில் விடும் முயற்சியும் நடந்திருக்கிறது. இங்கிலாந்துப் பூங்காவில் வளர்ந்த ஒரு குடும்பத்தைக் காபோனில் கொண்டுபோய் 2014-இல் காட்டில் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே ஐந்து உறுப்பினர்கள் இறந்துகிடந்தன. எதைத் தின்பது, எங்கே படுப்பது, வேறு ஆணைக் கண்டால் என்ன செய்வது எல்லாமே தாயிடம் கற்கிற உயிர் இது. காடு இருக்கும்போதே காப்பதுதான் வழி.

வேதாரண்யம் உப்பளம்

பூங்கா என்றதும் ஒரு சம்பவம் சொல்லவேண்டும். மலேசியாவில் தைப்பிங் தெரியும் அல்லவா, நம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற ஊர். 2002-இல் நைஜீரியாவிலிருந்து நான்கு கொரில்லாக் குட்டிகளைப் பொய்க் காகிதத்தில் அந்த ஊர்ப் பூங்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உண்மையில் அவை கேமரூன் காட்டில் பிடிக்கப்பட்டவை. பெரிய சத்தம் கிளம்பி, தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி, கடைசியில் 2007-இல்தான் கேமரூனின் லிம்பே மையத்துக்குத் திரும்பின. ஐந்து வருடம் மூன்று நாடு. குட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் தாயைக் கொல்ல வேண்டும், காப்பாற்ற வருகிற ஆணையும் கொல்ல வேண்டும். நான்கு குட்டிக்கு எத்தனை பெரியவை போயிருக்கும்?

நமக்கு ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2023-இல் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளைத் திருச்சி விமான நிலையத்தில் பிடித்தார்கள். இந்த வாணிபத்தின் ஒரு வாசல் நம் பக்கத்திலும் இருக்கிறது.

கும்பகோணம் மரக்கடை

போனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பிளைவுட்டைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நான் பிளைவுட் வியாபாரி, அதனால் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பிளைவுட்டுக்கு மேல் தகடு பர்மாவின் குர்ஜன் மரம். 2014-இல் பர்மா உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதும் ஆலைகள் ஒக்குமேக்கு மாறின. ஒக்குமே காபோன் நாட்டு மரம். அந்த நாடும் 2010-லேயே உருட்டு மரம் வெளியே போகக் கூடாதென்று நிறுத்திவிட்டதால், அங்கேயே தகடு உரித்து இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். இன்று என் கடையில் "ஒக்குமே ஃபேஸ்" என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள். அது வளர்கிற காடுதான் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாவின் வீடு. அந்தக் கொரில்லாக்களில் ஐந்தில் நான்கு பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியேதான் வாழ்கின்றன. அதிலும் பெரும்பகுதி மரக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்ட காடு.

மரம் வெட்டுவதால் மட்டும் கொரில்லா அழியாது. ஒக்குமே போன்ற மரங்களை ஏக்கருக்கு ஒன்றிரண்டுகூட எடுப்பதில்லை, இடைவெளியில் முளைக்கிற செடியைக் கொரில்லா விரும்பித் தின்னும். ஆபத்து எங்கே என்றால், லாரிக்குப் போடுகிற சாலையில். மூன்று நாள் நடந்து போக வேண்டிய இடத்துக்கு வேட்டைக்காரன் அரை நாளில் போய்விடுவான், இறைச்சி அதே லாரியில் ஊருக்கு வந்துவிடும். முறையாகச் சான்று பெற்ற குத்தகைக் காட்டில், வேலை முடிந்த சாலையை அடைப்பது, தொழிலாளிக்கு வேறு இறைச்சி கொடுப்பது, ரோந்து விடுவது எல்லாம் கட்டாயம். அப்படிப்பட்ட காடுகளில் கொரில்லா, யானை போன்ற பெரிய விலங்குகள் அதிகம் இருப்பதாகக் காபோனிலும் காங்கோ குடியரசிலும் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது.

ஆகவே வாங்குகிறவர்கள் "சான்று உள்ள மரமா?" என்று கேளுங்கள். கடைக்காரன் ஆலையைக் கேட்பான். என்னிடம் இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. நான் ஆலைக்காரர்களைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

பட்டுக்கோட்டை செல்போன்

அண்ணே, இது புதுசா இருக்கு. வீடு கட்டறவங்க குழுவுல பகிர்றேன்.

கதிராமங்கலம் வாய்க்கால்

எண்ணெயை விட்டுவிட்டீர்களே. விருங்கா பூங்காவுக்குள் எண்ணெய் தேட ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வந்து, உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதால் 2014-இல் பின்வாங்கியது. 2022-இல் காங்கோ அரசே மறுபடி எண்ணெய் நிலங்களை ஏலத்துக்கு விட்டது. விருங்காவைத் தொடுகிற பகுதியும் அதில் இருந்தது. 2024-இல் அந்த ஏலத்தை நிறுத்தினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய கதை இல்லை. 2017-இல் எண்ணெய்க் குழாய்க் கசிவை எதிர்த்து நாங்கள் தெருவில் உட்கார்ந்தோம். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அப்புறமும் 2023-இல் வடசேரிப் பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, பிறகு நீக்கினார்கள். காகிதத்தில் பாதுகாப்பு வந்துவிட்டது என்று யாரும் தூங்க முடியாது, அங்கேயும் சரி இங்கேயும் சரி.

வீரசோழன் கரை (மயிலாடுதுறை)

காகிதம் என்றதும் காவலர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. விருங்கா 1925-இல் பூங்கா ஆனது. அங்கே பணியில் உயிர்விட்ட காவலர்கள் 200 பேருக்கும் மேல். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 காவலர்கள்.

2007-இல் அங்கே கொரில்லாக்களைச் சுட்டார்கள். இறைச்சிக்கும் இல்லை, குட்டிக்கும் இல்லை. பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள கோமா நகரத்தில் பெரும்பாலோர் கரியில்தான் சமைக்கிறார்கள். அந்தக் கரிக்காகப் பூங்கா மரத்தை வெட்டிச் சூளை போடுகிற கும்பல், தடுக்கிற காவலர்களை மிரட்டச் செய்த வேலை என்று சந்தேகிக்கப்பட்டது. அந்த ஆண்டு தாயின் பிணத்தைப் பற்றிக்கொண்டிருந்த இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் காவலர்கள் எடுத்துவந்தார்கள். அன்று இரவு முழுக்க ஆந்த்ரே பௌமா என்ற காவலர் அதைத் தன் வெற்று மார்பில் அணைத்துச் சூடு கொடுத்தார். ந்தகாசி என்று பெயர் வைத்தார்கள். 14 ஆண்டுகள் வளர்ந்து, 2021 செப்டம்பரில் அதே மனிதரின் மடியில் இறந்தது.

இப்போது அந்தப் பக்கம் போர். கோமா 2025 ஜனவரியிலும், கஹூசி பியேகாவுக்கு அருகிலுள்ள புகாவு பிப்ரவரியிலும் எம்23 என்ற கிளர்ச்சிப் படையிடம் போயின. என் பதில் அங்கேதான் தடுமாறுகிறது: பார்த்துக்கொள்ள ஆள் தயாராக இருந்தும், போக வழியில்லாத இடத்தில் என்ன செய்வது?

ஒரத்தநாடு கால்நடை

கரிக்கு ஒரு வழி செய்தார்கள் சார். பூங்காவே ஆற்றில் சிறு நீர்மின் நிலையங்கள் கட்டி ஊருக்கு மின்சாரம் கொடுத்தது. மட்டேபே நிலையம் 2015-இல் வந்தது. அடுப்பு மாறினால் சூளை குறையும். இதையெல்லாம் போர் நின்ற பிறகுதான் தொடர முடியும்.

குத்தாலத்துக்காரன் (கம்பாலா)

நீடாமங்கலம் அண்ணனுக்கு இன்னொரு தகவல். உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்.

ருவாண்டா பக்கம் கொரில்லா கூடியதால் இப்போது இடம் போதவில்லை. குடும்பங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, சண்டையில் குட்டிகள் சாகின்றன, பெருகும் வேகம் குறைந்துவிட்டது. அதனால் ருவாண்டாப் பூங்காவைக் கிட்டத்தட்டக் கால் பங்கு பெரிதாக்கத் திட்டம். அதற்கு விவசாயிகளை இடம் மாற்ற வேண்டும். புது வீடு, பள்ளிக்கூடம், கோழிப்பண்ணை என்று மாதிரிக் கிராமம் கட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1969-இல் அதே பூங்காவிலிருந்து சுமார் 40 விழுக்காடு நிலத்தை வெட்டி எடுத்து, குடும்பங்களைக் குடியேற்றி, பைரித்ரம் என்ற பூவைச் சாகுபடி செய்யச் சொன்னது அரசாங்கமேதான். பூச்சிமருந்துக்கு ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு அந்தப் பூவின் நஞ்சைப் பார்த்து ஆலையில் செய்த மருந்துகள் வந்தன, நாம் தெளிக்கிற சைபர்மெத்ரினும் அந்த வகைதான். பூவுக்கு விலை போனது. நிலம் உருளைக்கிழங்கு வயலானது. கொரில்லாவின் காட்டில் அன்று உட்காரவைத்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகளைத்தான் இன்று எழுந்திருக்கச் சொல்கிறார்கள்.

நீடாமங்கலம் வயக்காடு

தம்பி, கோபம் இல்ல. எழுதினதுக்கு நன்றி. இது நமக்குத் தெரியாத கதையா? புறவழிச்சாலைக்கு நிலம் குடுத்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

கொரில்லாவுக்கு அந்த இடம் வேணும், டாக்டரம்மா சொன்னதப் பாத்தா வேற போக்கிடம் அதுக்கு இல்ல. நாலு வருஷத்துக்கு ஒரு குட்டி போடுற உயிரு, அத சண்டைல சாகவிடக் கூடாது. அத நான் ஏத்துக்கறேன். ஆனா வீடு குடுத்தா விவசாயிக்குப் பத்தாது. உருளை போட்டவனுக்கு உருளை போட மண்ணு வேணும், அதே மாதிரி கருப்பு மண்ணு, தண்ணி கிட்டத்துல. அந்த 1,500 டாலர்ல பத்து விழுக்காடு ஊருக்குன்னு சொன்னீங்க. நிலத்த விட்டவனுக்குத் தனிப் பங்கு, அவன் பேர்லயே, வருஷா வருஷம் வரணும். வேதாரண்யம் அக்கா சொன்ன பத்வா சனங்களுக்கு அதுக்கும் முன்னாடி வரணும், அவங்கதான் மொதல்ல விட்டவங்க.

அங்க போறப்ப அந்த மாதிரிக் கிராமத்து ஆளுங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுதுங்க தம்பி: வீட்டோட சேத்து வயலும் குடுத்தாங்களா?